பேனலுக்குள் ஒரு சிம் கார்டு

அன்புள்ள நண்பருக்கு,

பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள். சாயப்பட்டறை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். திருப்பூரிலிருந்து ஈரோடு, கரூர் வரைக்கும் எத்தனையோ சாயப்பட்டறைகள் இருப்பதால் உங்களை யாரும் கண்டுபிடித்துவிட முடியாது.

உங்கள் கடிதம் நான்கு பக்கம், கேள்வி ஒரே வரி. ஆர்.ஓ. பிளான்ட்டின் பிஎல்சிக்குப் பாஸ்வேர்டு தெரியவில்லை. பேனல் போட்டுக்கொடுத்தவர் தொழிலை விட்டுவிட்டார், போனை எடுப்பதில்லை. புதிதாக ஒரு பம்ப் வந்திருக்கிறது. அதற்காக புரோகிராமில் இரண்டு வரி சேர்க்க வேண்டும், உள்ளே நுழைய முடியவில்லை. யூடியூபில் ஒருவர் அதே மாடலின் பாஸ்வேர்டை இரண்டு நிமிடத்தில் எடுத்துக் காட்டுகிறார். பணம் அனுப்பினால் சாஃப்ட்வேரை அனுப்பிவைப்பாராம். வாங்கிப் போட்டுப் பார்க்கலாமா?

வாங்காதீர்கள்.

அது போலி என்று நினைத்துச் சொல்லவில்லை. அநேகமாக வேலை செய்யும். என் பயமே அதுதான்.

2022 ஜூலையில் டிராகோஸ் என்ற அமெரிக்க நிறுவனம் இப்படி ஒரு சாஃப்ட்வேரைப் பிரித்துப் பார்த்து எழுதியது. ஆலைகளின் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்குப் பாதுகாப்புச் சொல்வது மட்டுமே அவர்கள் தொழில். டைரக்ட்லாஜிக் 06 என்ற சிறிய பிஎல்சியின் பாஸ்வேர்டை மீட்டுத் தருவதாக விற்கப்பட்ட சாஃப்ட்வேர் அது. கேபிளை மாட்டி பட்டனை அழுத்தினால் பாஸ்வேர்டு திரையில் வந்துவிடும். அதற்காக அது எந்தக் கணக்கும் போடவில்லை, எதையும் உடைக்கவில்லை. ஒரு குறிப்பிட்ட கட்டளையை அனுப்பினால் அந்த பிஎல்சி தன் பாஸ்வேர்டைத் தானே பச்சையாக எழுதி அனுப்பிவிடும் என்ற ஓட்டை அதில் இருந்தது. சாஃப்ட்வேரை எழுதியவனுக்கு அந்தக் கட்டளை தெரிந்திருந்தது, அவ்வளவுதான். (தயாரிப்பாளர் பிறகு ஓட்டையை அடைத்துவிட்டார்.) பாஸ்வேர்டைக் காட்டிய அதே வேளையில் அது லேப்டாப்பில் சாலிட்டி என்ற வைரஸையும் இறக்கியது. 2003 முதல் சுற்றிவரும் பழைய சரக்கு. பென்டிரைவில் ஏறிக்கொள்ளும், நெட்வொர்க்கில் பகிர்ந்து வைத்த ஃபோல்டர்களில் ஏறிக்கொள்ளும், ஆன்டிவைரஸை முடக்கும். டிராகோஸ் பார்த்த சரக்கு இன்னொரு வேலையும் செய்தது. கிரிப்டோ பணம் அனுப்புவதற்காக யாராவது முகவரியை காப்பி செய்தால், நடுவில் அதை மாற்றித் தன் முகவரியை வைத்துவிடும்.

உங்கள் பட்டறையில் கிரிப்டோ பணம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதே லேப்டாப்பைத்தான் நாளைக்கு பாய்லர் பேனலுக்கும் கொண்டுபோவீர்கள், நாளை மறுநாள் பக்கத்துப் பட்டறை நண்பர் கூப்பிட்டார் என்று அங்கேயும் கொண்டுபோவீர்கள். இந்த மாதிரி விளம்பரங்கள் ஒரு கம்பெனியின் மாடலுக்கு மட்டும் இல்லை. சந்தையில் உள்ள பெரிய பெயர்கள் எல்லாவற்றுக்கும் இருக்கின்றன என்று டிராகோஸ் பட்டியல் போட்டிருந்தது. வாங்குகிறவர்கள் திருடர்களா? இல்லை. எல்லாரும் உங்களைப் போன்ற மெயின்டனன்ஸ் ஆட்கள்தான். தன் வீட்டுச் சாவியைத் தொலைத்தவன் அவசரத்தில் யாரைக் கூப்பிடுவான் என்று தெரிந்து விரித்த வலை.

இனி, சாவி எப்படித் தொலைந்தது என்பதைப் பேசுவோம். இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்கப்போகிறார்கள், அவர்களுக்காக ஒரு வார்த்தை. பிஎல்சி என்பது பேனல் கதவைத் திறந்தால் தெரியும் ஒரு சின்னப் பெட்டி. சென்சார்கள் சொல்வதைக் கேட்கும். உள்ளே எழுதிவைத்த லேடர் புரோகிராமை வினாடிக்குப் பல முறை மேலிருந்து கீழாக ஓட்டிப் பார்க்கும். பிறகு மோட்டாரையும் வால்வையும் போடும், அணைக்கும். தொட்டி நிறைந்தால் பம்ப் நிற்பது, பிரஷர் ஏறினால் ட்ரிப் ஆவது எல்லாம் அதன் வேலை. வாங்கிப் பொருத்தினால் இருபது வருடம் கிடக்கும். அந்த இருபது வருடத்தில் அதைப் போட்டவர், அதைத் தெரிந்தவர், அதற்கு பில் கொடுத்தவர் என எல்லாரும் மாறியிருப்பார்கள்.

அதற்குப் பாஸ்வேர்டு எதற்கு என்று கேட்டால், நம் ஊரில் பலரும் வாய்விட்டுச் சொல்லாத பதில் ஒன்று இருக்கிறது: பாக்கி. பேனல் போடுகிறவர் கடைசி முப்பது சதவீதப் பணம் வந்து சேருமா என்ற சந்தேகத்தில் புரோகிராமைப் பூட்டிவைக்கிறார். பணம் வந்த பிறகும் திறப்பதில்லை, ஏனென்றால் அடுத்த சின்னத் திருத்தத்துக்கும் அவரையே கூப்பிட வேண்டும். அவருக்கு நாற்பது இடத்தில் வாடிக்கை, ஞாபகம் ஒன்றுதான். எனவே நாற்பது இடத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு. அதை அவரிடம் வேலை பார்த்து விலகிய பையன்கள் எல்லாருக்கும் தெரியும். முதலாளிக்கும் உங்களுக்கும்தான் தெரியாது. யாருக்கு எதிராகப் போட்ட பூட்டு என்று நீங்களே சொல்லுங்கள்.

அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் நானும் ஒன்று செய்தேன். ஓர் ஆலை, பெயர் வேண்டாம். இரவு ஷிப்ட் எலெக்ட்ரீஷியன் ஒருவர், என்னைவிட இருபது வயது மூத்தவர், கன்வேயர் நின்றால் போதும், புரோகிராமுக்குள் போய் ஓர் இன்டர்லாக்கை (ஏதாவது சரியில்லாவிட்டால் ஓட விடாத தடை) பைபாஸ் செய்துவிட்டு ஓட்டிவிடுவார். காலையில் வந்து நான் சரிசெய்வேன், ராத்திரி அவர் மறுபடி செய்வார். ஒரு நாள் எரிச்சலில் பாஸ்வேர்டு போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாரமே பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டேன். எங்கள் ஊரில் அப்போது போன் என்றால் போஸ்ட் ஆபீஸில் மட்டும்தான், அதுவும் பண்டிகைக்குப் பூட்டிக்கிடந்தது.

மாட்டுப் பொங்கல் ராத்திரி கன்வேயர் நின்றது. அறுபதுக்கு மேற்பட்ட இன்டர்லாக்கில் எது தடுக்கிறது என்று லேடரைத் திறந்து பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். பார்க்கக்கூட விடாமல் நான் பூட்டியிருந்தேன். அந்த எலெக்ட்ரீஷியன் டெஸ்ட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வயராக ஐந்து மணி நேரம் தேடி, எலி கடித்த ஒரு லிமிட் சுவிட்ச் வயரைக் கண்டுபிடித்தார். நான் திரும்பி வந்தபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். அது இன்னும் மோசமாக இருந்தது. மேனேஜர்தான் சத்தம் போட்டார், ஓர் உத்தரவும் போட்டார்: இனிமேல் இந்த ஆலையில் எந்தப் பேனலுக்கும் யாரும் பாஸ்வேர்டு போடக் கூடாது. நான் அங்கிருந்து வந்த பிறகும் பல வருடம் அந்த உத்தரவு இருந்தது.

அந்த மேனேஜரை முட்டாள் என்று நினைக்க என்னால் முடியவில்லை. திருடன் வருவான் என்பது அவருக்குச் செவிவழிச் செய்தி. உற்பத்தி நிற்பது அவர் கண்ணால் பார்த்தது. ஆலைக் கருவிகளின் பாஸ்வேர்டு உலகம் முழுக்க ஏன் இவ்வளவு நோஞ்சானாக இருக்கிறது என்பதற்கு நான் இத்தனை வருடத்தில் கண்ட காரணம் இதுதான்: உள்ளே யாராவது புகுந்துவிடுவார்களோ என்ற பயத்தைவிட, நாம் வெளியே மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் இந்தத் தொழிலில் பெரிது. சோம்பேறித்தனம் என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் எழுதுகிறார்கள். பாதி ராத்திரி பேனல் முன்னால் நின்றவர்கள் அப்படி எழுத மாட்டார்கள்.

ஆனால் பயம் நியாயமானது என்பதால் விளைவு குறைந்துவிடாது. அதற்கு அலிக்விப்பா கதையைச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலம், பிட்ஸ்பர்க் நகரத்துக்குப் பக்கத்தில் அலிக்விப்பா ஒரு சின்ன ஊர். ஒரு காலத்தில் ஸ்டீல் மில்லால் வாழ்ந்து, அது மூடியதும் வாடிப்போன ஊர். அந்த ஊர்த் தண்ணீர் வாரியத்துக்கு ஊருக்கு வெளியே ஒரு பூஸ்டர் நிலையம் இருக்கிறது. ராக்கூன், பாட்டர் என்ற இரண்டு பகுதிகளுக்குப் போகும் தண்ணீரின் பிரஷரைப் பார்த்துக்கொள்வது அதன் வேலை. 2023 நவம்பர் 25, சனிக்கிழமை. அமெரிக்கர்களின் நன்றியறிதல் விடுமுறை வாரம். (நம் பொங்கல் மாதிரிதான், இந்த மாதிரி விஷயங்கள் எல்லாமே விடுமுறையில்தான் நடக்கும்.) அலாரம் அடித்தது. ஆட்கள் போய்ப் பார்த்தால் பிஎல்சியின் திரையில் வேறு ஏதோ ஓடிக்கொண்டிருந்தது: உங்களை ஹேக் செய்துவிட்டோம், இஸ்ரேலில் செய்த எந்தக் கருவியும் எங்களுக்கு இலக்கு என்ற பொருளில் ஒரு வாசகம். கீழே சைபர் அவெஞ்சர்ஸ் என்று கையெழுத்து. அவர்கள் ஈரானின் புரட்சிகரக் காவல்படையைச் சேர்ந்தவர்கள் என்று அமெரிக்க அரசு பிறகு சொன்னது. 2024 பிப்ரவரியில் அந்தப் படையின் ஆறு அதிகாரிகள் மீது தடையும் விதித்தது.

அலிக்விப்பாவின் தண்ணீருக்கும் காஸாவில் நடந்துகொண்டிருந்த போருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பெட்டியை யூனிட்ரானிக்ஸ் என்ற இஸ்ரேல் கம்பெனி செய்திருந்தது, அது மட்டும்தான் சம்பந்தம். விஷன் என்ற வரிசையில் வந்த பிஎல்சி அது. பெட்டியும் திரையும் ஒன்றாகவே இருக்கும், விலை குறைவு, சின்ன ஊர்களுக்கு ஏற்றது. வெளியிலிருந்து அதனுடன் பேச 20256 என்ற போர்ட் இன்டர்நெட்டில் திறந்தே கிடந்தது. தொழிற்சாலையிலிருந்து வரும்போது அந்தக் கருவிக்குப் பாஸ்வேர்டு 1111.

நான்கு ஒன்று. மேனுவலில் அச்சடித்தது. மேனுவல் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.

அலிக்விப்பாவில் ஆட்கள் கருவியைக் கழற்றிவிட்டு கையால் பம்பை ஓட்டினார்கள். தண்ணீர் கெடவில்லை, நிற்கவும் இல்லை. கையால் ஓட்டத் தெரிந்த ஆட்கள் இன்னும் அங்கே இருந்தார்கள் என்பதை நான் முக்கியமாகப் பார்க்கிறேன். பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் ஒரு சின்ன பியர் ஆலையிலும் அதே திரை வந்தது. அட்லாண்டிக்குக்கு இந்தப் பக்கம் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் ஒரு கிராமத் தண்ணீர்த் திட்டம் இதே ஆட்களிடம் சிக்கி, 150-க்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இரண்டு நாள் தண்ணீர் வரவில்லை. அமெரிக்க சைபர் பாதுகாப்பு முகமை பிறகு கணக்குச் சொன்னது: குறைந்தது 75 கருவிகள், அதில் அமெரிக்கத் தண்ணீர், கழிவுநீர் நிலையங்களில் மட்டும் குறைந்தது 34. சம்பவம் நடந்த அடுத்த மாதமே யூனிட்ரானிக்ஸ் புதிய பதிப்பை வெளியிட்டது. பழைய பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி அது வாங்குபவரைக் கட்டாயப்படுத்தும். இவ்வளவு நாளும் ஏன் கட்டாயப்படுத்தவில்லை என்றால், யாரும் கேட்கவில்லை.

அரசாங்கம் கேட்டிருக்க வேண்டாமா என்பீர்கள். கேட்டது. 2023 மார்ச்சில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை ஓர் உத்தரவு போட்டது: மாநிலங்கள் தண்ணீர் நிலையங்களை வழக்கமாகச் சோதிக்கும்போது இந்தக் கட்டுப்பாட்டுக் கருவிகளின் பாதுகாப்பையும் சோதிக்க வேண்டும். மிசௌரி, ஆர்கன்சா, அயோவா மூன்று மாநிலங்களும் கோர்ட்டுக்குப் போயின. தண்ணீர் நிறுவனங்களின் சங்கங்களும் சேர்ந்துகொண்டன. அந்த நாட்டில் சமூகத் தண்ணீர் நிலையங்கள் சுமார் 50,000. முக்கால்வாசிக்கு மேல் சின்ன ஊர்களுடையவை. இந்தச் செலவை யார் ஏற்பது என்ற அவர்கள் வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. கோர்ட் தடை போட்டது, முகமை அக்டோபரில் உத்தரவைத் திரும்பப் பெற்றது. நவம்பரில் அலிக்விப்பா.

1111 என்று ஒருவர் ஏன் வைக்கிறார் என்பதை நீங்கள் அறிவீர்கள். திரையில் எண்கள் மட்டும்தான் இருக்கும், கையில் கிளவுஸ், ஒரே பட்டனை நான்கு முறை தட்டினால் போதும். நான்கு இலக்கம் என்றால் மொத்தமே பத்தாயிரம் வாய்ப்புகள். வினாடிக்கு ஒன்று என்று சோம்பலாக முயன்றாலும் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பேங்க் ஏடிஎம்மிலும் நான்கு இலக்கம்தானே என்றால், மூன்று முறை தவறினால் அங்கே கார்டு முடங்கிவிடும். இங்கே முடங்காது, முடங்கவும் விட மாட்டார்கள். தொட்டி வழியும் நேரத்தில் பதற்றமான ஆபரேட்டர் மூன்று முறை தப்பாக அடித்துவிட்டால் என்ன ஆகும்? மறுபடி அதே பயம்.

முன்பு சொன்ன டைரக்ட்லாஜிக் குடும்பத்துக்கு இதில் ஒரு பழைய கதை உண்டு. 2012 ஜனவரியில், டிஜிட்டல் பாண்ட் என்ற நிறுவனம் கூட்டிய சில ஆராய்ச்சியாளர்கள் பல கம்பெனிகளின் பிஎல்சிகளை மேசையில் வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். டைரக்ட்லாஜிக் வரிசைப் பெட்டியின் பாஸ்வேர்டு எட்டு இடம். முதல் இடத்தில் 'ஏ' என்ற எழுத்து, மீதி ஏழும் எண்கள். ஆக ஒரு கோடி வாய்ப்பு. எத்தனை முறை தப்பாக முயன்றாலும் அது தடுக்கவில்லை. வினாடிக்கு நூறு முறை முயன்றால் 28 மணி நேரத்தில் ஒரு கோடியும் தீர்ந்துவிடும், கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து வருடம் கழித்து அதே குடும்பத்துப் பெட்டியிடம் அந்தச் சிரமம்கூட வேண்டாம், கேட்டால் கொடுத்துவிடும் என்று தெரியவந்தது.

கொஞ்சம் விலகிப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் லாஸ் அலமோஸில் அணுகுண்டு வேலையில் இருந்தபோது பெட்டகங்களைத் திறப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருந்தார். அங்கே ஓர் அதிகாரி தன் பெரிய பெட்டகத்தைப் பூட்டியபடி விட்டுவிட்டுப் போய்விட, பூட்டுக்காரர் ஒருவர் வந்து அதைச் சட்டென்று திறந்துவிட்டார். தன்னால் முடியாததை இவர் எப்படிச் செய்தார் என்று ஃபைன்மன் அவரிடம் பல நாள் நயமாகப் பேசி நட்பாகிக் கேட்டபோது அவர் சொன்னது: தொழிற்சாலையிலிருந்து வரும்போது இந்தப் பூட்டுகளில் 25-0-25 அல்லது 50-25-50 என்றுதான் வைத்து அனுப்புவார்கள், அதிகாரி மாற்றியிருக்க மாட்டார் என்று போட்டுப் பார்த்தேன். ஃபைன்மன் உடனே மற்றக் கட்டடங்களுக்குப் போய் முயன்று பார்த்தார். ஐந்தில் ஒன்று திறந்தது. அணுகுண்டு ரகசியம் இருந்த இடத்தின் கதை இது. உங்கள் பேனல்காரர் பாவம், சின்ன ஆள்.

கம்பெனிகளும் அந்த அதிகாரியைவிட மேல் இல்லை. ஈரானின் நத்தான்ஸ் யுரேனிய ஆலையைக் குறிவைத்த ஸ்டக்ஸ்நெட் என்ற புழு 2010-இல் வெளியே தெரிந்தபோது, அது சீமென்ஸ் கம்பெனியின் வின்சிசி சாஃப்ட்வேருக்குள் நுழைய ஒரு பாஸ்வேர்டைப் பயன்படுத்தியது. வாடிக்கையாளர் வைத்த பாஸ்வேர்டு அல்ல அது. கம்பெனியே சாஃப்ட்வேருக்குள் பதித்து, உலகம் முழுக்க ஒரே மாதிரியாக விற்றது. இரண்டு வருடத்துக்கு முன்பே இன்டர்நெட்டில் கசிந்துவிட்டது. சரி, இப்போது மாற்றலாமா என்று வாடிக்கையாளர்கள் கேட்டார்கள். மாற்றாதீர்கள், மாற்றினால் ஆலை இயக்கம் பாதிக்கலாம் என்று சீமென்ஸ் பதில் சொன்னது. என் மேனேஜரின் உத்தரவு ஞாபகம் வருகிறதா?

இன்னும் கீழே போனால் பாஸ்வேர்டு என்ற பேச்சே இல்லை. உங்கள் ஃப்ளோ மீட்டரும் டிரைவும் பிஎல்சியுடன் பேசும் மாட்பஸ் என்ற முறை 1979-இல் மாடிகான் கம்பெனி கொண்டுவந்தது. வந்த கட்டளை யாரிடமிருந்து என்று கேட்க அதில் இடமே கிடையாது. வயரின் மறுமுனை அதே ஹாலில் இருந்த காலம் அது. கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. ஆகவே ஒரு நல்ல பாஸ்வேர்டு போட்டுவிட்டேன் என்று நீங்கள் நிம்மதியாக இருந்தாலும், அந்த வழியாக வருகிறவனை அது தடுக்காது. சில பழைய மாடல்களில் இன்னொரு வேடிக்கை: பாஸ்வேர்டு சரியா என்று பார்ப்பது பிஎல்சி இல்லை, உங்கள் லேப்டாப்பில் இருக்கும் சாஃப்ட்வேர். வாட்ச்மேனை வருகிறவன் வீட்டிலேயே உட்காரவைத்த மாதிரி. அந்த சாஃப்ட்வேரே இல்லாமல் வருகிறவனை யார் கேட்பது?

இதையெல்லாம் சொல்லி உங்களைக் கலங்கவைப்பது என் எண்ணமல்ல. பாஸ்வேர்டு இந்தக் கருவிகளில் எப்போதுமே நோஞ்சான்தான்; அதை மட்டும் நம்பி ஒன்றும் செய்ய முடியாது. அது வெளியுலகத்துக்கு முன்னால் தனியாக நிற்கும்படி விடாமல் இருப்பதே நம் கையில் இருக்கும் காரியம். அலிக்விப்பா பெட்டி இன்டர்நெட்டில் இல்லாமல் இருந்திருந்தால் 1111 ஒருவருக்கும் தெரியாமல் இன்னும் பத்து வருடம் ஓடியிருக்கும். 2025 ஏப்ரலில் நார்வேயில் பிரேமாங்கர் என்ற இடத்தில் ஓர் அணையின் வால்வை யாரோ தூரத்திலிருந்து முழுக்கத் திறந்துவிட்டு, நான்கு மணி நேரம் வினாடிக்கு 497 லிட்டர் கூடுதலாகப் போனது. ஆறு தாங்கும் அளவுக்குள் இருந்ததால் சேதம் இல்லை. அங்கேயும் கதை ஒன்றுதான்: வால்வைக் கட்டுப்படுத்தும் பக்கம் இன்டர்நெட்டில் இருந்தது, பாஸ்வேர்டு பலவீனம் என்று சந்தேகப்பட்டார்கள். ரஷ்யா பக்கத்து ஆட்கள் என்று நார்வே உளவுத் துறைத் தலைவர் ஆகஸ்டில் சொன்னார்.

இப்போது உங்கள் கடிதத்தின் மூன்றாவது பக்கத்துக்கு வருகிறேன். பேனல்காரரின் பெருமையைச் சொல்லும்போது போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "முன்னெல்லாம் ஏதாவது பிரச்சினை என்றால் வர மாட்டார் சார், வீட்டில் இருந்தபடியே போனில் பார்த்துச் சரிசெய்துவிடுவார்."

எப்படிப் பார்த்தார்?

பேனலுக்குள் எங்கேயோ ஒரு மோடம் இருக்கிறது. அதில் ஒரு சிம் இருக்கிறது. அந்த சிம்முக்கு இன்னும் யாரோ ரீசார்ஜ் செய்துகொண்டிருக்கிறார்கள், அநேகமாக உங்கள் ஆபீஸ் கணக்கிலிருந்தே, எதற்கென்று தெரியாமல். தொழிலை விட்டுவிட்ட ஒருவருடைய போனிலும், அவரிடம் வேலை பார்த்த பையன்கள் போனிலும் உங்கள் ஆர்.ஓ. பிளான்ட் இருக்கிறது. உங்களுக்குத் திறக்காத கதவு அவர்களுக்குத் திறக்கும். பாஸ்வேர்டு தெரியவில்லை என்று எனக்கு எழுதினீர்கள். நான் கவலைப்படுவது இந்த வரிக்காக.

ஆகவே செய்ய வேண்டியது வேறு. முதலில் அந்த மோடத்தின் வயரை உருவிவிடுங்கள். முதலாளியிடம் சொல்லிவிட்டு, பிளான்ட் நிற்கும் நேரமாகப் பார்த்து, மெதுவாக. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அளவுகளை அனுப்பும் மோடம் தனியாக இருக்கும்; அதைத் தொட்டுவிடாதீர்கள், வேறு வம்பு வரும். பிறகு, வாங்கிய பில்லை வைத்து பிஎல்சி கம்பெனியின் சர்வீஸுக்கு எழுதுங்கள். பாஸ்வேர்டை எடுத்துத் தர முடியாது, புரோகிராமை அழித்துப் புதிதாகத் தொடங்கலாம் என்று சொல்வார்கள். பெரும்பாலும் அதுதான் பதில், அது நியாயமான பதில். எலெக்ட்ரிக்கல் டிராயிங் உங்களிடம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பிளான்ட் பெரியது அல்ல. விவரம் தெரிந்த ஒருவரை வைத்து புரோகிராமைப் புதிதாக எழுதி, இன்னொரு பிஎல்சியில் ஓட்டிப் பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாற்றிவிடலாம். செலவு ஆகும். யூடியூப்காரர் கேட்பதைவிடப் பல மடங்கு ஆகும். முதலாளியிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்.

எழுதுகிறவரிடம் முதல் நாளே பேசிவிடுங்கள். கடைசித் தவணை கையில் வாங்கும்போது புரோகிராமின் பிரதியும் பாஸ்வேர்டும் எழுத்தில் தர வேண்டும். அவருக்குப் பணத்தை இழுத்தடிக்காமல் கொடுத்துவிடவும் வேண்டும். பூட்டு அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. பாஸ்வேர்டைத் தாளில் எழுதி, கவரில் போட்டு ஒட்டி, மேல் கையெழுத்திட்டு ஆபீஸ் பீரோவில் வையுங்கள். ராத்திரி அவசரத்துக்குக் கிழிக்கலாம். கிழித்தால் காலையில் தெரிந்துவிடும். கம்ப்யூட்டர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போகும் இன்ஜினியரை எனக்குத் தெரியும். உங்கள் மாடலில் முன்பக்கம் சாவி சுவிட்ச் இருந்தால் அதை ரன்னில் வைத்து, சாவியை எடுத்துவிடுங்கள். சாவியைப் பேனல் கதவில் தொங்கவிடாதீர்கள், நீங்கள் அனுப்பிய போட்டோவில் தொங்குகிறது.

ஏற்கெனவே யாராவது உள்ளே வந்து போயிருப்பதாகத் தெரிந்தால் மறைக்க வேண்டாம். ஆலைக் கருவிகளில் நடக்கும் தாக்குதலையும் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்லி இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 உத்தரவு இருக்கிறது.

அந்த எலெக்ட்ரீஷியனிடம் நான் கடைசி வரை மன்னிப்புக் கேட்கவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்த ராத்திரி அவர் ஞாபகம் வந்தது.

பம்ப் காத்திருக்கட்டும். நாளைக் காலை ஷிப்டுக்குப் போனதும் பேனலின் பின்கதவைத் திறந்து, மேலே காந்தத்தில் ஒட்டிய சின்ன ஆன்டெனா இருக்கிறதா என்று பாருங்கள். அதன் வயர் எங்கே போகிறது என்று பிடித்துக்கொண்டே போய்ப் பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.